பத்திரிகையாளர் பாரதி: அலைந்த வாழ்வும் சிதறிய தாள்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கப்பலோட்டிய தமிழர் பிறந்த ஓட்டப்பிடாரத்தில் நின்றுகொண்டு எட்டயபுரத்துக் கவிஞரைப் பற்றிப் பேசுவது எளிது; கடினமும் கூட. பாரதியார் பாடல் ஒன்றேனும் மனப்பாடமாகத் தெரியாதவர் இந்த அவையில் இலர்; ஆதலின் எளிது. அவரைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்னும் எண்ணம் கேட்போரிடத்தும் பேசுவோரிடத்தும் இருக்கிறது, ஆதலின் கடினம். எனவே நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு வினாவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பாரதியார் எந்தத் தொழிலைக் கொண்டு குடும்பம் நடத்தினார்?

கவிதை அவருக்குச் சோறு போடவில்லை என்பதை நாம் அறிவோம். சில காலம் ஜமீன் பணி, சில மாதம் ஆசிரியர் பணி. இவை நீங்கலாக அவருடைய தொழில் பத்திரிகைத் தொழிலே. அவர் ஊர் ஊராக அலைந்த பத்திரிகைக்காரர். அதனாலேயே அவருடைய எழுத்துக்கள் சிதறின. சிதறியவற்றைப் பலர் தேடிச் சேர்த்ததனாலேயே நாம் இன்று கையில் வைத்துப் படிக்கும் பாரதி நமக்குக் கிடைத்தார். இம்மூன்று செய்திகளையும் விரித்துரைத்து, அவற்றிலிருந்து கவிஞர்களாகிய நாம் கற்க வேண்டியது யாது என்பதைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஊர் ஊராய்

1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னச்சாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். அதே 1882இல்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் சுதேசமித்திரன் இதழைத் தொடங்கினார். பின்னாளில் இவருக்கு வேலை கொடுக்கவிருந்த பத்திரிகையும் இவரும் ஒரே வயதினர் என்பது நினைக்க இனிய செய்தி.

ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் எட்டயபுரத்து அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றார். 1897இல் கடையத்துச் செல்லம்மாளை மணந்தார். கரிசலின் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கிய தந்தையார் அம்முயற்சியில் நொடித்து 1898இல் மறைந்தார். பருத்தி விளையும் ஊரிலேயே பருத்தித் தொழில் செய்து ஒரு குடும்பம் வறுமையுற்றது என்பதைப் பின்னாளில் அவர் சுதேசியம் பற்றி எழுதியவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அந்தப் பொருளாதாரத்தை அவர் நூல்களில் படிப்பதற்கு முன்பே தம் வீட்டில் கண்டவர்.

அதன் பின் தொடங்கியது அலைதல். அத்தை குப்பம்மாள் இருந்த காசிக்குச் சென்றார். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் பணியாற்றினார். 1904இல் மதுரை விவேகபாநு இதழில் அவருடைய பாடல் அச்சேறியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். நவம்பரில் சென்னை சென்று சுதேசமித்திரனில் உதவியாசிரியர். 1905இல் பெண்களுக்கென வெளிவந்த சக்கரவர்த்தினி என்னும் திங்களிதழுக்கு ஆசிரியர். அவ்வாண்டின் இறுதியில் காசிக் காங்கிரசுக்குச் சென்றார். அப்பயணத்தில் நிவேதிதா தேவியாரைக் கண்டார். 1906 மே மாதத்தில் இந்தியா வார இதழ் பிறந்தது. 1907 டிசம்பரில் சூரத்துக் காங்கிரசு; அந்தப் பயணத்தை ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’ என்று தனி வெளியீடாகவே எழுதினார். 1908இல் புதுச்சேரி. அங்கே பத்தாண்டு. 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியதும் கடலூர் அருகே கைது, டிசம்பரில் விடுதலை. பிறகு கடையம். 1920இன் இறுதியில் மீண்டும் சென்னை, மீண்டும் சுதேசமித்திரன். 1921 செப்டம்பர் 12இல் திருவல்லிக்கேணியில் மறைவு. அப்போது முப்பத்தொன்பது வயது நிறையவில்லை.

இப்பட்டியலில் பத்தாண்டுக்கு மேல் அவர் நிலைத்திருந்த ஓர் ஊர் பிறந்த ஊர்தான். அடுத்தது அடைக்கலம் புகுந்த ஊராகிய புதுவை. பெட்டியும் படுக்கையும் ஊர் மாறிய ஒவ்வொரு முறையும் தாள்கள் சில பின்தங்கின என்று கொள்வதில் தவறில்லை.

பத்திரிகை என்னும் பட்டறை

பாரதியாருக்குப் பத்திரிகை வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் பயன்பட்டது என்று எண்ணிவிடலாகாது. அவருடைய மொழி உருவான இடமே அதுதான். சுதேசமித்திரனில் அவர் பெற்ற முதற்பயிற்சி, ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்குவது. தந்தியில் வந்த செய்தி மாலைக்குள் தமிழில் அச்சேற வேண்டும். அங்கே திரிசொல்லுக்கு இடமில்லை, நெடுந்தொடருக்குப் பொழுதில்லை. படிப்பவர் வக்கீலாகவும் இருப்பார், மளிகைக் கடைக்காரராகவும் இருப்பார். இருவருக்கும் விளங்க எழுதிப் பழகிய கையே பின்னர் எளிய பதங்களிலும் எளிய நடையிலும் காவியம் செய்ய முனைந்தது. பாஞ்சாலி சபதத்தின் எளிமை 1912இல் திடீரென முளைத்ததன்று. 1904 முதல் செய்தித்தாளின் மேசையில் தீட்டப்பட்டது என்பது என் கருத்து.

இந்தியா இதழ் சிவப்புத் தாளில் வெளிவந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு வழிவகுத்தது அதுவே. படிப்பறிவு குறைந்த நாட்டில் படம் பேசும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஜமீன்தாருக்கு ஒரு கட்டணம், எளியவருக்கு ஒரு கட்டணம் என வருவாய்க்கேற்பச் சந்தா கேட்ட இதழும் அதுவே. புதுவைக் காலத்தில் இந்தியாவோடு விஜயா என்னும் நாளிதழ், சூரியோதயம், கர்மயோகி, ஆங்கிலத்தில் பால பாரதா என இதழ்கள் பல அவர் கைபட்டு வெளிவந்தன. ஒரு மனிதர் ஒரே காலத்தில் இத்தனை இதழ்களுக்கு எழுதினார் என்றால், அவருடைய எழுத்தின் பெரும்பகுதி நூலுக்காக எழுதப்பட்டதன்று, அடுத்த இதழுக்காக எழுதப்பட்டது என்பது தெளிவு.

ஓட்டப்பிடாரமும் எட்டயபுரமும்

நம் ஊருக்கு இவ்வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. வ.உ. சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5இல் இவ்வூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். எட்டயபுரம் ஜமீனைச் சார்ந்திருந்த சின்னச்சாமி ஐயரும் அவரும் நண்பர்கள். இரு தந்தையரும் பழகிய நட்பு பிள்ளைகளிடம் உடனே தொடரவில்லை. மகன்மார் இருவரும் ஒருவரையொருவர் நெருங்கியது 1906இல் சென்னையில், இந்தியா பத்திரிகையின் மூலம். அருகருகே உள்ள இரண்டு ஊர்க்காரர்களைச் சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகம் சேர்த்து வைத்தது! பத்திரிகை என்பது செய்தி தாங்கிய தாள் மட்டுமன்று. மனிதர் கூடும் இடமும் ஆகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. தூத்துக்குடியில் நிகழ்ந்ததைத் தமிழகம் எங்கும் அறியச் செய்தவற்றுள் இந்தியா முன்னின்றது. 1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைதானார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே அவருக்குக் கடுந்தண்டனை விதித்தார். அடுத்த மாதமே அரசின் கை இந்தியாவின்மீது விழுந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் கைதாக, பாரதியார் புதுவை சென்றார். ஓட்டப்பிடாரத்தார் செக்கிழுக்கச் சிறை சென்றதும் எட்டயபுரத்தார் நாடு கடந்து வாழச் சென்றதும் ஒரே ஆண்டின் ஒரே வெப்பத்தில் நிகழ்ந்தவை. பிற்காலத்தில் வ.உ.சி. தம் நண்பரைப் பற்றி எழுதிவைத்த நினைவுகள் பாரதி ஆய்வுக்கு ஒரு முதன்மைச் சான்று. தோழர் எழுதிய தோழர் வரலாறு அது.

தாள்கள் சிதறிய வரலாறு

பாரதியாரின் எழுத்துக்கள் ஏன் சிதறின? காரணங்கள் ஐந்து எனலாம்.

முதலாவது, செய்தித்தாளின் இயல்பு. இன்று படித்து நாளை பொட்டலம் கட்டும் தாள் அது. அந்நாளைய மரக்கூழ்த் தாள் சில பத்தாண்டுகளில் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடியும். பாரதியார் முதன்முறை பணியாற்றிய காலத்துச் சுதேசமித்திரன் இதழ்களில் பெரும்பகுதி ஆய்வாளர்க்குக் கிட்டவில்லை. விஜயா நாளிதழிலும் சூரியோதயத்திலும் கிடைத்தவை சிலவே.

இரண்டாவது, புனைபெயர்கள். ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் எனப் பல பெயர்களில் எழுதினார். பெயரே இன்றியும் மிகுதியாக எழுதினார். பத்திரிகையின் தலையங்கத்துக்குக் கையெழுத்து இல்லை. எது அவர் எழுதியது, எது உடன் பணியாற்றியவர் எழுதியது என்று நடையைக் கொண்டு தீர்மானிப்பது எளிதான செயலன்று.

மூன்றாவது, அடக்குமுறை. புதுவையில் அச்சான இதழ்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் வேறு வந்தது. அவ்வாண்டில் இந்தியா நின்றது. நம் தாலுகாவைச் சேர்ந்த மணியாச்சிச் சந்திப்பில் 1911 ஜூன் 17இல் ஆஷ் சுடப்பட்ட பின்னர், புதுவையில் வாழ்ந்த சுதேசிகள்மீது ஒற்றர் கண்காணிப்பு மேலும் இறுகியது. தடை செய்யப்பட்ட தாளை வீட்டில் வைத்திருப்பதே அஞ்சத்தக்க செயலாயிற்று. அச்சத்தால் அடுப்பில் இடப்பட்ட இதழ்கள் எத்தனை என்பதை யார் எண்ணிச் சொல்வர்?

நான்காவது, களவு. சின்னச் சங்கரன் கதையின் கையெழுத்துப்படி புதுவையில் களவு போயிற்று என்பது அவருடன் பழகியவர்கள் வழி வந்த செய்தி. இன்று நாம் படிப்பது முற்றுப்பெறாத ஒரு வடிவம். கரிசல் நாட்டு ஜமீன் வாழ்வை உள்ளிருந்து கண்டு எள்ளிய அக்கதை முழுமையாகக் கிடைத்திருக்குமாயின், நம் வட்டாரத்து உரைநடை இலக்கியத்தின் தொடக்கப் பக்கமே வேறாக இருந்திருக்கும்.

ஐந்தாவது, வறுமை. 1920இல் கடையத்திலிருந்து தம் எழுத்துக்கள் யாவற்றையும் 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக அச்சிட அவர் திட்டமிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் பரவும் என்று நம்பினார். அதற்குப் பணம் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். பணம் வரவில்லை. தம் தாள்களைத் தாமே ஒழுங்குசெய்து, தாமே பிழை திருத்தி வெளியிடும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. கவிஞர் ஒருவர் உயிரோடு இருக்கையில் செய்திருக்க வேண்டிய வேலையை நூறாண்டாகப் பிறர் செய்துவருகின்றனர்.

தேடியவர்கள்

அவர் மறைந்த பின் முதலில் முன்வந்தவர் அவருடைய துணைவியார். செல்லம்மா பாரதி 1922இல் பாரதி ஆச்சிரமம் என்னும் பெயரில் சுதேச கீதங்களை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்நாளில் கணவரை இழந்த ஒரு பெண், கையில் பொருளின்றி, பதிப்பாளராகத் துணிந்தார் என்பதை நாம் உரிய அளவில் போற்றியதில்லை. பின்னர் இளைய சகோதரர் விசுவநாதன் முதலியோர் பாரதி பிரசுராலயத்தின் வழி அப்பணியைத் தொடர்ந்தனர். 1928இல் அரசு அப்பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தபோது சட்டமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. ஒரு கவிஞரின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்கு அளித்தது உலக வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி.

ஆயினும் உரிமை கிடைத்துவிட்டால் எழுத்து கிடைத்ததாகுமா? நூலாகாத எழுத்துக்கள் பழைய இதழ்களில் கிடந்தன. பெரியசாமித் தூரன் சுதேசமித்திரன் கட்டுகளைப் புரட்டித் தொகுத்த பாரதி தமிழ் 1953இல் வந்தது. ரா.அ. பத்மநாபன் நிழற்படங்களையும் கடிதங்களையும் நேர்முகச் செய்திகளையும் தேடித் திரட்டி 1957இல் சித்திர பாரதியை அளித்தார். பாரதி புதையல் என்னும் தொகுதிகளையும் தந்தார். எட்டயபுரத்து இளசை மணியனின் உழைப்பால் இந்தியா இதழின் கட்டுரைகள் பாரதி தரிசனம் என 1970களில் வெளிவந்தன. தொ.மு.சி. ரகுநாதன் பாரதியின் காலத்தையும் கருத்தையும் ஆராய்ந்ததோடு, தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை எட்டயபுரத்துக்கே வழங்கினார். ஆ.இரா. வேங்கடாசலபதி, விஜயா இதழ்க் கட்டுரைகளையும் இந்து நாளிதழில் பாரதியார் எழுதிய ஆங்கிலக் கடிதங்களையும் இந்நூற்றாண்டில் பதிப்பித்தார். சீனி. விசுவநாதன் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பால் காலவரிசையில் தொகுத்த பாரதி படைப்புகள் 2024 டிசம்பரில் 23 தொகுதிகளாக நிறைவுற்றன.

பெண்கள் எழுதிவைத்தவற்றையும் தனியே குறிப்பிட வேண்டும். மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள், புதுவையில் சிறுமியாக இருந்தபோது கண்டவற்றை எழுதிய பாரதி நினைவுகள் 1954இல் வெளிவந்தது. எந்தப் பாடல் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை அச்சிறுமியின் நினைவு காத்துத் தந்துள்ளது. மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் எழுதியவையும் அத்தகையனவே. அறிஞர் அவையில் இடம்பெறாத செய்திகளுக்கு அடுக்களையும் திண்ணையும் ஆவணக் காப்பகங்களாக இருந்தன.

இன்னொரு காப்பகத்தைச் சொன்னால் வியப்பீர்கள். பாரதியாரை அடக்க முயன்ற அரசே அவர் எழுத்துக்களைக் காத்தும் வைத்தது! சுதேச மொழி இதழ்களில் வந்தவற்றை வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கி அதிகாரிகள் பார்வைக்கு அச்சிட்டு அனுப்பும் வழக்கம் அன்றைய சென்னை அரசில் இருந்தது. மூல இதழ் அழிந்த இடத்தில், இன்ன நாளில் இந்தியா இன்ன பொருள்பற்றி எழுதிற்று என்பதை இக்கமுக்க அறிக்கைகளே அறிவிக்கின்றன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலும் அவற்றைக் காணலாம். பகைவர் பதிவு செய்து வைத்த அளவுக்கு நண்பர்கள் பதிவு செய்யவில்லை என்பது நாணத்தக்க உண்மை.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பாரதியார் தம் கட்டுரை ஒன்றில் தமிழர்க்கு அறிமுகம் செய்த அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் வரலாற்றைப் பாருங்கள். 1819இல் பிறந்த விட்மன் பதினொரு வயதில் பள்ளியை விட்டவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். 1838இல் தாமே ஒரு வார இதழ் நடத்தியவர். புரூக்ளினில் நாளிதழ் ஆசிரியர். 1848இல் தெற்கே நியூ ஆர்லியன்சு சென்று அங்கும் பத்திரிகைப் பணி. அவரும் ஊர் ஊராய் அலைந்த பத்திரிகைக்காரரே. 1855இல் வெளிவந்த அவருடைய கவிதை நூலின் புது நடைக்குப் பின்னே அந்த அச்சுக்கூட வாழ்வு இருக்கிறது. இருவரையும் இணைப்பது வசன கவிதை மட்டுமே என்று கருதுவோர், இருவர் விரலிலும் படிந்திருந்த அச்சு மையையும் நோக்குவாராக.

விட்மன் 1892இல் மறைந்தபோது தம் தாள்களுக்கு மூவரைப் பொறுப்பாளராக்கிச் சென்றார். அவர்களுள் ஒருவர் தம் பங்கை 1918இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக வேற்றிடம் அனுப்பப்பட்ட அத்தாள்களில் பத்துக் குறிப்பேடுகள் காணாமற்போயின. அவற்றுள் நான்கு 1995இல் மீண்டன; ஏனையவை போனவையே. அத்துணைப் பெரிய நூலகத்திலும் இழப்பு நேர்கிறது.

ஆனால் காத்த தாளின் பயனையும் அதே வரலாற்றில் காண்கிறோம். விட்மன் 1852இல் நியூயார்க்கு வார இதழ் ஒன்றில் பெயர் போடாமல் ஒரு தொடர்கதை எழுதினார். அது அவருடையது என்று நூற்றறுபது ஆண்டுக்கு மேலாக எவரும் அறியார். அவருடைய குறிப்பேட்டில் கதை மாந்தரின் பெயர்கள் சில எழுதப்பட்டிருந்தன. அப்பெயர்களைப் பழைய பத்திரிகைகளில் தேடிய ஓர் ஆய்வு மாணவர் அக்கதையையே கண்டுபிடித்தார். 2017இல் அது விட்மன் பெயரோடு வெளிவந்தது. குறிப்பேட்டின் சில சொற்கள் ஒரு முழுக் கதையை மீட்டுத் தந்தன!

காலக்குறிப்பின் பயன்

‘பாடல் கிடைத்தால் போதாதா? அது எந்த இதழில் எந்த நாளில் வந்தது என்று அறிந்து ஆவதென்ன?’ என்று கவிஞர்கள் கேட்கலாம். நியாயமான வினா. நம் ஊரோடு தொடர்புடைய ஒரு சான்றைக் கொண்டு விடை கூறுகிறேன்.

திருநெல்வேலி ஆட்சித் தலைவர் விஞ்சு துரை சிதம்பரனாரை மிரட்டுவதாக ஒரு பாடலும், அதற்குச் சிதம்பரனார் மறுமொழி கூறுவதாக ஒரு பாடலும் பாரதியார் கவிதைகளில் உள்ளன. 1908ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை அறியாமல் படிப்பவர்க்கு அவை ஓர் ஆங்கிலேயரும் ஒரு தமிழரும் வாதிடும் பாடல்கள். அவ்வளவே. அவ்வாண்டின் மார்ச்சு மாதத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், அன்றைய வாசகர் நேற்று நடந்ததைப் பாட்டாகக் கேட்டார் என்பது விளங்கும். அப்பாடல் எந்த மெட்டில் அமைந்தது என்பதையும் நோக்குங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்து மெட்டு. அக்கதையில் அதட்டும் குரல் நிலவுடைய வேதியருடையது. பணிந்து நின்று சிதம்பரம் போக ஏங்குபவர் பண்ணையாளாகிய நந்தனார். கதாகாலட்சேபங்களில் அம்மெட்டைக் கேட்டுப் பழகியிருந்த தமிழர், அதே மெட்டில் ஆட்சித் தலைவர் அதட்டக் கேட்டதும், ஆள்பவர் யார், அடிமை யார் என்பதை ஒரு நொடியில் உணர்ந்திருப்பர். இம்முறை அடிமை பணியவில்லை, எதிர்த்துப் பேசுகிறார். நந்தனார் ஏங்கிய ஊரின் பெயரே எதிர்த்துப் பேசுபவரின் பெயருமாக இருப்பது கூடுதல் நயம்.

ஆண்டு, நிகழ்ச்சி, மெட்டு ஆகிய மூன்றும் இன்றிப் பாடலை மட்டும் வைத்துக்கொண்டால் இந்நயம் அத்தனையும் கெடும். தலைப்பு வாரியாகப் பகுத்த பதிப்புகளில் தேசிய கீதம் ஒரு பக்கம், தோத்திரம் ஒரு பக்கம் எனப் பிரிந்து கிடப்பதால், ஒரே மாதத்தில் ஒரே மனத்திலிருந்து இரண்டும் பிறந்திருக்கலாம் என்னும் எண்ணமே வாசகர்க்கு எழுவதில்லை. காலவரிசைப் பதிப்பு அக்குறையைப் போக்குகிறது. கவிஞர் வளர்ந்த முறையையும், தயங்கிய இடத்தையும், மாறிய இடத்தையும் அதில்தான் காண முடியும்.

நம் கடமை

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன்.

கரிசல் நாடு பாரதியோடு நின்றுவிடவில்லை. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் அலைந்த பத்திரிகைக்காரரே. சென்னை இதழ்களில் பணியாற்றினார்; கோலாலம்பூர் சென்று தமிழ் நேசனில் பணியாற்றினார்; 1970இல் நாற்பத்தாறு வயதில் மறைந்தார். அவர் எழுதிய கடிதங்களை அதே இடைசெவலில் விவசாயியாக இருந்த நண்பர் கி. ராஜநாராயணன் பத்திரமாக வைத்திருந்தார். மழை ஒழுகும் வீட்டிலும் கடிதங்களைக் காக்க முடியும், காக்க வேண்டும் என்னும் எண்ணம் இருந்தால்! அக்கடிதங்கள் பின்னர் நூலாகி, ஒரு தலைமுறையின் இலக்கிய மனத்தை நமக்குக் காட்டின.

நம்மிடையே அப்படிக் காப்பவர் எத்தனை பேர்? இப்பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகள் எங்கே? முதல் ஆண்டில் படித்த மூத்தோர் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் நோட்டுப் புத்தகங்கள் பிள்ளைகளின் வீட்டுப் பரணில் இருக்கலாம். பழைய தாள் கடைக்குக் கிலோக் கணக்கில் போயும் இருக்கலாம். இளைய கவிஞர்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. கைப்பேசியில் எழுதி, கைப்பேசியிலேயே அனுப்பி, கைப்பேசி பழுதானதும் கவிதையும் போயிற்று என்பார் பலர். அன்றைய செய்தித்தாள் மடிப்பில் ஒடிந்தது. இன்றைய எழுத்து ஒடியும் ஓசையும் இன்றி மறைகிறது.

ஆகவே என் வேண்டுகோள்கள் எளியவை. ஒவ்வொரு கவிதையின் அடியிலும் நாளும் ஊரும் எழுதுங்கள். அச்சில் வந்தால் இதழின் பெயரையும் மாதத்தையும் குறித்து வையுங்கள். புனைபெயரில் எழுதுவோர் அப்பெயர் தம்முடையதே என்பதை ஓரிடத்தில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் எழுதுவோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தாளில் படி எடுங்கள். மறைந்த உறுப்பினர்களின் இல்லங்களுக்கு வட்டத்தின் சார்பில் இருவர் இருவராகச் சென்று, தாள்களைக் கேட்டுப் பெற்று, படி எடுத்துக்கொண்டு மூலத்தை மரியாதையோடு திருப்பிக் கொடுங்கள். அவ்வில்லத்துப் பெண்களிடம் தனியே பேசுங்கள். கவிதை எழுதப்பட்ட இரவு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டப்பிடாரத்திலோ எட்டயபுரத்திலோ உள்ள நூலகம் ஒன்றில் நம் வட்டத்துக்கென ஓர் அலமாரி கேட்போம். கொடுக்க மறுக்க மாட்டார்கள்.

‘நாங்கள் என்ன பாரதியா, எங்கள் தாள்களைக் காப்பதற்கு?’ என்று அடக்கத்தோடு கேட்பீர்கள். 1906இல் இந்தியா இதழை வாங்கிப் படித்துப் பொட்டலம் கட்டியவர்க்கும், அதை எழுதியவர் பாரதி என்று தெரியாது. இருபத்து மூன்று வயதுப் பத்திரிகைக்காரர் ஒருவர் என்றே தெரியும். எந்தத் தாள் நிலைக்கும் என்று தீர்ப்புக் கூறுவது வருங்காலத்தின் வேலை. அத்தீர்ப்புக்கு உரிய தாளை அழியாமல் கொடுத்துச் செல்வதே நம் வேலை.

தந்தையார் நட்பைச் சில ஆண்டு கழித்துப் பிள்ளைகள் புதுப்பித்துக்கொண்டதைப் போல, ஓட்டப்பிடாரமும் எட்டயபுரமும் இப்பணியில் கைகோக்குமாயின் இப்பத்தாம் ஆண்டு விழா பொருளுடையதாகும்.